பெயர் நீக்கல் சான்று

ரேவதி,

நீ போனில் கேட்ட பெயர் நீக்கல் சான்று இந்தக் கவருக்குள் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு வந்து இதைப் படி. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிக்காதே. பாலைப் பொங்கவிட்டுப் பத்திரிகையில் தொடர்கதை படித்தவள் நீ. நம் வீட்டு ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுத்தாயிற்று என்று தாலுகா ஆபீசில் கொடுத்த தாள் அது. இதைக் காட்டினால்தான் தூத்துக்குடியில் மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் உன்னைச் சேர்ப்பார்கள் என்றாய். சரி, வாங்கிவிட்டேன். ஆனால் வெறும் தாளை மட்டும் போட்டு அனுப்ப மனசு வரவில்லை. கல்யாணம் முடிந்து நீ கிளம்பிய அன்று, தண்ணீர் பாட்டில் எங்கே, தலைவலி மாத்திரை எங்கே, முறுக்கு டப்பாவை மேலே வைக்காதே என்று கத்திக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு அம்மா சொல்ல வேண்டியது ஒன்றையும் சொல்லவில்லை. அதையெல்லாம் இப்போது எழுதலாம் என்று உட்கார்ந்தால், கல்யாணத்துக்கு முன்னால் நாம் பட்ட பாடுதான் முதலில் வந்து நிற்கிறது. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உன் மாமியார் கேட்டபோது 'செக்யூரிட்டி ஆபீசர்' என்று சொல்லி வைத்தாயாம். ஆபீசரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் பெண்கள் கேட்டில் நிற்கிற லேடி செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்து, உடம்பைத் தடவிப் பார்த்து வெளியே விடுவது என் வேலை. இன்னொன்றும் உண்டு. கான்ட்ராக்ட் முடிந்து போகிற பெண்களிடம் ஐடி கார்டை நான்தான் வாங்க வேண்டும். வாங்கியதும் கத்தரிக்கோலால் மூலையை வெட்டி டப்பாவில் போட்டுவிடுவேன். அவ்வளவுதான். அடுத்த நிமிஷமே அந்தப் பெண்ணுக்குக் கேட் திறக்காது, கம்பெனி பஸ் நிற்காது, கேன்டீனில் ஒரு டீ கிடைக்காது. "அக்கா, லாக்கர்ல செருப்ப வுட்டுட்டேன், ஒரே ஒரு நிமிஷம் போய் எட்த்துனு வந்துடறேன்" என்று எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள் தெரியுமா? அதற்குக்கூட விட எனக்கு அதிகாரம் கிடையாது. அட்டையை வெட்டிவிட்டால் ஆள் இல்லை. இத்தனை வருஷம் கேட்டில் நின்று நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அதை நம்பித்தான் மோசம் போனேன்.

நீ பி.காம் முடித்து லாரி ஆபீசில் கணக்கு எழுதப் போன புதிது. எங்கள் கேன்டீன் வாசலில் சம்பள நாளன்று யாராவது ஒருத்தர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மாசம் பைக் லோன்காரன், ஒரு மாசம் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின்காரன், ஒரு மாசம் வரன் பார்த்துத் தருகிற கம்பெனி. அதன் பெயரை எழுதக் கை கூசுகிறது, வரன் கம்பெனி என்றே இருக்கட்டும். தினேஷ் என்று ஒருத்தன், டையைக் கட்டிக்கொண்டு, வாய்க்கு வாய் அக்கா. "உங்க பொண்ணு போட்டோவ நெட்டுல போட்டுடுவோம்க்கா. உலகம் பூரா பாப்பாங்க. மாசாமாசம் உங்க சம்பள அக்கவுண்ட்லேர்ந்து அதுவே போய்க்கும். நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்." நீங்கள் ஒன்றுமே பண்ண வேண்டாம் என்று எவனாவது சொன்னால் அந்த இடத்தை விட்டு ஓடிவிடு ரேவதி. நான் ஓடவில்லை. ஒரு கையில் சாம்பார் சாதத் தட்டு, பின்னால் க்யூவில் நிற்கிறவள் "சீக்கிரம்க்கா, பெல் அட்ச்சிடும்" என்கிறாள், நான் தட்டை மேஜை மேலேயே வைத்துவிட்டு அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு செக்கின் மேல் குறுக்காகக் கோடு போட்டு 'கேன்சல்' என்று எழுதித் தரச் சொன்னான். அப்படி எழுதிக் கொடுத்தால்தான் பணம் எடுக்க முடியுமாம். என்ன உலகம் பார்! அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் பெயரும் என் பெயரும் போட்ட பளபளவென்ற அட்டை ஒன்று வந்தது. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த பச்சைப் புடவைப் படத்தை நெட்டில் ஏற்றினார்கள். அந்த வாரமெல்லாம் நான் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி கேட்டில் நின்றேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. அவர்கள் அனுப்பிய மாப்பிள்ளைகளில் ஒருத்தன் படத்தைக்கூட நீ முழுசாகப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "அம்மா, எங்க பஸ்ல முத்துக்குமார்னு ஒருத்தர் வராரு" என்று ஆரம்பித்தாய். ஒரகடத்தில் டெக்னீஷியன், தூத்துக்குடிப் பக்கம், நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார், குடிப்பதில்லை, தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டார் என்று மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாய். நான் மீனை வைத்துவிட்டு உன்னைத் திட்டினேன். அப்புறம் அந்தப் பிள்ளையை ஒரு தடவை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் தூரத்திலிருந்து பார்த்தேன். உனக்காகத் தன் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார், கையில் உன் டிபன் டப்பா. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் நிற்கவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த சம்பள நாளன்று தினேஷ் வந்தபோது கேட்டிலேயே பிடித்துக்கொண்டேன். "தம்பி, பொண்ணுக்கு முடிஞ்சிட்ச்சி. இத நிறுத்திடுப்பா" என்று அட்டையை நீட்டினேன். "கங்கிராட்ஸ்க்கா! ஸ்வீட் எங்க?" என்று சிரித்தான். அப்புறம் என் மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தான். என் கத்தரிக்கோலை! அந்த அட்டையைக் குறுக்காக வெட்டி, இரண்டு துண்டையும் என் டப்பாவிலேயே போட்டான். "அவ்ளோதான்க்கா, முடிஞ்சிட்ச்சி." எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் தினமும் பண்ணுகிற காரியத்தை என் கண் முன்னால் பண்ணிக் காட்டிவிட்டான். ஒரு ரசீது கேட்கத் தோன்றவில்லை, ஒரு வரி எழுதி வாங்கத் தோன்றவில்லை. அட்டையை வெட்டியாயிற்று, இனி நாம் அங்கே இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து உனக்குக் கேசரி கிண்டினேன்.

மறு மாசம் பாங்கிலிருந்து மெசேஜ் வந்தது, பணம் எடுத்தாயிற்று என்று. தினேஷுக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆப். அவன் வேலையை விட்டுவிட்டு பிளாட் விற்கப் போய்விட்டானாம். கம்பெனி நம்பருக்கு அடித்தேன். பாட்டு ஓடியது. மணமகன் தேடுகிறவர்கள் ஒன்றை அழுத்தவும், மணமகள் தேடுகிறவர்கள் இரண்டை அழுத்தவும். தேடி முடித்துவிட்டவர்கள் எதை அழுத்துவது? அதற்கு நம்பரே இல்லை. கடைசியில் ஒரு பெண் வந்து, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி தமிழில், "தங்களுடைய உறுப்பினர் எண்ணைக் கூற முடியுமா?" என்றாள். அந்த எண் அட்டையில் இருந்தது, அட்டையைத்தான் உங்கள் ஆளே வெட்டிப் போட்டுவிட்டானே என்றேன். "மன்னிக்கவும். எண் இல்லாமல் கணக்கை ரத்து செய்ய இயலாது." ரத்து பண்ணத்தானே அட்டையையே கொடுத்தேன்? கத்தினேன். அவள் கோபப்படவே இல்லை, "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று வைத்துவிட்டாள். டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். ஹவுஸ்கீப்பிங்காரர்கள் எப்போதோ கொட்டிவிட்டிருந்தார்கள்.

சரி, பணம் பாங்கில்தானே இருக்கிறது, பாங்கைக் கேட்போம் என்று போனேன். பாங்க் திறந்திருக்கிற நேரம் எனக்கு டியூட்டி. ஒவ்வொரு தடவையும் யாருடனாவது ஷிப்ட் மாற்றிக்கொண்டு, அவளுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை நின்று கடன் கழித்துப் போய் வந்தேன். கவுன்டரில் இருந்த பொண்ணு தலையைத் தூக்காமலே, "ஈசிஎஸ்மா, மாசாமாசம் தானா போறது. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? கம்பெனிகிட்டேர்ந்து கேன்சல் லெட்டர் வாங்கினு வாங்க, நிறுத்தறோம்" என்றாள். கம்பெனியைக் கேட்டால், பணம் எடுப்பது பாங்க், பாங்கில் கேளுங்கள். இங்கே போனால் அங்கே, அங்கே போனால் இங்கே. நடுவில் ஒரு மாசம் கணக்கில் பணம் குறைந்துபோய், அவர்கள் எடுக்க வந்தபோது இல்லையென்று பாங்க் அதற்கு ஒரு அபராதம் போட்டது. கேட்காமல் எடுக்க வந்தவனுக்குக் கொடுக்க முடியவில்லை என்று எனக்குத் தண்டனை! "என் காசு, நான் வேணாம்ன்றேன், நீ ஏன் குடுக்கற?" என்று கேட்டேன். "மேடம், சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு" என்றாள். செருப்பை லாக்கரில் விட்டுவிட்டு வந்த பெண்களிடம் நான் சொல்கிற அதே வார்த்தை. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அப்பா. ஷேர் ஆட்டோவில் நாள் பூராவும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய் வந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இன்னாத்துக்கு இப்ப கத்தினுகீற? எவ்ளோ போச்சி, ரெண்டு சினிமா டிக்கெட்டு காசு. வுட்டுத் தள்ளு" என்பார். நீயும் அதையேதான் சொன்னாய். "போனாப் போகுதும்மா, கல்யாண வேலையப் பாரு." எனக்கு அந்த 'போனாப் போகுது'தான் ஆகவில்லை. காசு பெரிசு என்று நான் குதிக்கவில்லை ரேவதி. வேண்டாம் என்று வாய் திறந்து சொன்ன பிறகும் ஒருத்தன் கையை விட்டு எடுத்துக்கொண்டே இருக்கிறான், அதை எல்லோருமாகச் சேர்ந்து சின்ன விஷயம் என்கிறீர்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மண்டபம், ஜவுளி என்று வேலை வந்து மொய்த்ததும் நானும் கொஞ்ச நாள் விட்டுவிட்டேன். பணம் எடுக்கிறான் என்றால் உன் படமும் அங்கேயேதான் இருக்கும் என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, அதைச் சொல்லு!

உன் மாமியார் போன் பண்ணிய அன்று நீ பக்கத்தில்தான் இருந்தாய், பூ கட்டிக்கொண்டு. அவர்கள் பேசியது உனக்குக் கேட்கவில்லை. நானும் முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். "மைனி, நான் ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. பொண்ணுக்கு வேற எடத்துலயும் மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கியளோ?" என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க தம்பி மவனுக்குப் பொண்ணு தேடுதாவ. கம்ப்யூட்டர்ல உங்க பொண்ணு படம் வந்து நிக்கி. பச்சச் சேல. வரன் தேடுறதா போட்டுருக்கு. அது போதாதுன்னு அந்தக் கம்பெனிக்காரனே தம்பிக்குப் போனப் போட்டு, நல்ல எடம், பேசலாமான்னு கேட்டிருக்கான். எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ண எங்க தம்பி வீட்டுக்கே கேக்கான் மைனி! நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பத்திரிக கொடுப்போம்?" நான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, கத்தரிக்கோல், தினேஷ், பாங்க். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. "நிறுத்தியாச்சுன்னா ஏன் மைனி இன்னும் காசு கெட்டுதிய?" என்று கேட்டார்கள். மறுபடியும் பாங்கிலிருந்து ஆரம்பித்தேன். பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று அச்சாபீசில் சொல்லிவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

அந்தப் படத்தால் பத்திரிகை நின்றுவிட்டது என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். நீ சாப்பிடவில்லை. ஆபீசுக்குப் போனாய், வந்தாய், சுவரைப் பார்த்துப் படுத்தாய். "உன்ன யாரும்மா அங்க போட்டோ போடச் சொன்னது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். அதற்கு நீ என்னை அடித்திருக்கலாம். மாப்பிள்ளை வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல அத்த. ஆனா ஊர்ல நாலு பேரு கேக்காவ. அம்மைக்குப் பதில் சொல்ல முடியல. நிறுத்தியாச்சுன்னு கம்பெனிக்காரன் கைப்பட ஒரு லெட்டர் இருந்தா நானே கொண்டு போயி வாய அடைச்சிருவேன்." நல்ல பிள்ளை. கையில் அன்றும் உன் டிபன் டப்பா இருந்தது, கழுவித் துடைத்து. அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரே, அப்படியானால் முடிந்ததா என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குத்தான் எதைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த எண்ணம் வருமே.

இனிமேல் வருவதை உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். விசிட்டர் ஜன்னலில் இருக்கிறவர் பேத்திக்குக் காது குத்தென்று லீவு போட்டதால் அன்று என்னை அங்கே உட்கார வைத்தார்கள். முற்பகலில் கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடி போட்ட மனுஷன் இறங்கி வந்து விசிட்டிங் கார்டை நீட்டினார். இரண்டு தடவை படித்தேன். வரன் கம்பெனி. மண்டல மேலாளர். கேன்டீனில் மறுபடி மேஜை போடுவதற்கு எச்ஆரில் பேச வந்திருக்கிறார்! எச்ஆர் பொண்ணு அவர் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மறந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் உள்ளே ஒரு போன் போட்டுக் கேட்டு அனுப்பியிருப்பேன். அன்று, "சிஸ்டத்துல உங்க பேரு இல்லியே சார்" என்றேன்.

"போன் பண்ணிக் கேளுங்கம்மா, மேடம்தான் வரச் சொன்னாங்க."

"லைன் பிசியா கீது சார். உக்காருங்க. உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சு. வெயில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தன் போனிலிருந்து மேடத்துக்கு அடித்தார், எடுக்கவில்லை; கைக்குட்டையால் விசிறிக்கொண்டார், எழுந்தார், உட்கார்ந்தார், டையைத் தளர்த்திக்கொண்டார். நன்றாக வேர்த்த பிறகு ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் சொன்னேன், குரலை உயர்த்தாமல். "அது வேற பிரான்ச்சும்மா. சரி, மெம்பர் நம்பர் இருக்கா?" என்றார். "இல்ல சார். உங்க பேரு சிஸ்டத்துல கீதா?" "இல்ல." "அப்ப ரெண்டு பேருக்கும் இல்ல. உக்காருங்க." முறைத்தார். உங்கள் மேல் புகார் கொடுப்பேன் என்றார். கொடுங்கள், பேனா தரட்டுமா என்றேன். அதற்குள் ஷிப்ட் விடுகிற நேரமாகிவிட்டது. பெண்கள் கேட் வழியாக வரிசையாக வந்தார்கள். என்னக்கா, யாரு என்று கேட்டவர்களிடம், "இவருதான்டி அந்த வரன் கம்பெனி. நிச்சயமான பொண்ணுக்கு இன்னும் மாப்ள பாத்துனுகீறாங்க" என்றேன். ஒருத்தி நின்றாள். "எனக்கும்தான்க்கா! கல்யாணமாயி கொழந்தையே பொறந்துட்ச்சி, இன்னும் காசு புட்ச்சினுகீறான்." இன்னொருத்தி நின்றாள். அப்புறம் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் எல்லோரும் பெஞ்சைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அந்த மனுஷன் போனை எடுத்தார். என் செல் நம்பரை என்னிடம் கேட்டு அதில் சொன்னார். அவ்வளவுதான் ரேவதி! அதை வைத்தே உன் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். நம்பர் நம்பர் என்று மாசக்கணக்கில் என் உயிரை எடுத்தார்களே, பாவிகள். கம்பெனி தாளிலேயே, இன்ன மாசமே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், தவறு எங்களுடையது என்று எழுதி, சீல் போட்டு வாங்கிய பிறகு எச்ஆருக்குப் போன் போட்டேன். லைன் உடனே கிடைத்தது.

அந்தக் கடிதத்தை மாப்பிள்ளை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார். மூன்றாம் நாள் உன் மாமியார் கூப்பிட்டார்கள். "லெட்டர வாசிச்சேன் மைனி. அந்தாளப் பெஞ்சுல உக்கார வச்ச கதையையும் மவன் சொன்னான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள் பார், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பத்திரிகை அச்சுக்குப் போனது. நீ அன்று கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். விசிட்டரைக் காக்க வைத்ததற்கு எனக்கு மெமோ கொடுத்தார்கள், உங்கள் அப்பாவுக்கு மட்டும் தெரியும். பாங்கில் கடிதத்தின் நகலைக் காட்டியதும் ஈசிஎஸ்ஸை நிறுத்தினார்கள். எடுத்த பணம் மட்டும் வந்தபாடில்லை. கேட்டு எழுதியிருக்கிறோம், வரும் என்கிறார்கள், அபராதம் வராது என்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. இதில் உச்சம் என்ன தெரியுமா? உன் கல்யாணம் முடிந்த மறுவாரம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, எங்கள் மூலமாக இணைந்த ஜோடி என்று போடுவதற்குக் கல்யாண போட்டோ ஒன்று கொடுங்களேன் என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. கேட்டில் நின்றிருந்த ஆண்பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நீயும் இப்போது அங்கே புது ஆபீஸ், புது பாங்க் என்று இறங்கப் போகிறாய். கையெழுத்துப் போடுகிற இடத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதே. பெல் அடித்தால் அடிக்கட்டும். ஒன்றை ஆரம்பிக்கும்போதே, இதை நிறுத்த வேண்டுமென்றால் யாரிடம், எப்படி என்று கேள். சொல்லத் தெரியாதவனிடம் ஆரம்பிக்காதே. நிறுத்தினால் எழுதி வாங்கு. நம்பரை எல்லாம் தனியாக எழுதி வை. பாங்குக்கும் எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டோம் என்று நகலில் சீல் வாங்கு. உன் சம்பளம் உன் பெயரில் இருக்கிற கணக்கிலேயே இருக்கட்டும். மாப்பிள்ளை கேட்க மாட்டார், தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். இன்னொன்று. வீட்டிலும் அப்படித்தான். முடியவில்லை, வேண்டாம் என்று நீ ஒன்றைச் சொன்ன பிறகும் அதையே உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தால், அது உன் தூக்கமாக இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், போனாப் போகுது என்று இருந்துவிடாதே. மரியாதையாக ஒரு தடவை சொல். அப்புறம் என்னை மாதிரிச் சொல்.

இப்போது தாலுகா ஆபீசுக்கு வருகிறேன். பெயர் எடுக்க வேண்டும் என்று நீ சொன்னதுமே நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். பெயர் எடுப்பதென்றால் என்ன பாடு என்று எனக்குத் தெரியாதா? முழு நாள் லீவு போட்டேன். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, உன் படிப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கு நகல். சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டேன், தண்ணீர் எடுத்துக்கொண்டேன். இங்கே போ, அங்கே போ என்றால் என்ன பேசுவது என்று நம் பிள்ளைப்பாக்கத்திலிருந்து போகிற வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். உங்கள் அப்பா ஆட்டோவில் இறக்கிவிட்டு, "மெதுவா பேசு, கவர்மென்ட்டு ஆபீசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவுன்டரில் வயசான ஒருவர். கார்டை வாங்கினார். பத்திரிகையைப் பார்த்தார். "பொண்ணா? எந்த ஊர்ல குட்த்துகீறீங்க?" என்றார். சொன்னேன். சிவப்பு மை பேனாவை எடுத்து, உங்கள் அப்பா பெயருக்கும் என் பெயருக்கும் கீழே இருந்த உன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். ரேவதி, மகள். ஒரே கோடு. பக்கத்தில் சீல் குத்தினார். உள்ளே எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து இந்தத் தாளைக் கொடுத்தார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுப் பை அப்படியே கனமாகத் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. மாசக்கணக்கில் நாயாக அலைந்து ஒரு கம்பெனியிலிருந்து நான் எடுக்க வைத்த பெயரை இவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எடுத்துவிட்டார்.

"இன்னாம்மா, இன்னும் இன்னா?" என்றார்.

"அவ்ளோதானா சார்? அடுத்த மாசம் மறுபடி வந்துடாதே?" என்று கேட்டேன். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது.

அவர் சிரித்தார். நல்ல மனுஷர்தான், எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்: "இனிமே அந்தப் பேரு உங்க வூட்டு கார்டுல வரவே வராதும்மா. பயப்படாம போ."

வெளியே வந்து, ஜெராக்ஸ் கடைப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அழுதேன் ரேவதி. கொஞ்சமாவது இழுத்தடித்திருக்கக் கூடாதா அந்த ஆள்? நாளைக்கு வா என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா?

உன் அம்மா